வாசலில் ஒரு ஜோடி ஷூ

காலிங் பெல் அடித்தால் என் மனைவி மூச்சை அடக்கிக்கொள்ளத் தொடங்கியது, வேளாங்கண்ணியில் கொடியேற்றுவதற்கு முந்தின வாரம். நாட்கள் எனக்கு இப்படித்தான் நினைவில் நிற்கும். ஒரு திருவிழா, ஒரு மழை, ஷிப்டு மாறிய ஒரு திங்கட்கிழமை என்று ஏதாவது ஓர் ஆணியில் மாட்டிவைத்தால்தான் பிறகு எடுத்துப் பார்க்க முடியும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஆணி தேவைப்படவில்லை.

அன்று காலை கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவள் கிரில் கேட்டுக்கு வெளியே நின்று கீரை வாங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். இரண்டு பேருக்கும் முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ராயக்கோட்டை ரோட்டுக்கு எப்படிப் போவது என்று தெலுங்கில் கேட்டான். என் மனைவி வேப்பனப்பள்ளிக்காரி. அங்கே தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கேட்டவருக்கு அவர் பாஷையிலேயே பதில் சொல்வது அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு யோசிக்காமல் வருகிற மரியாதை. அவளும் தெலுங்கிலேயே வழி சொன்னாள். வலது கையை நீட்டித் திருப்பத்தைக் காட்டினாள். கை உயர்ந்திருந்த அந்த நொடியில் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இடது கை தாலியைக் கவ்விக்கொண்டதால் அதில் கோத்திருந்த சின்னச் சிலுவை மட்டும் உள்ளங்கைக்குள் மிஞ்சியது.

புகார் எழுதிக்கொண்ட காவலர் நல்ல மனிதர். "நம்ம ஓசூருல ஒரு வசதி சார், பத்து நிமிஷத்துல பார்டரத் தாண்டிடலாம். நமக்கும் வசதி, அவனுங்களுக்கும் வசதி" என்றார். அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகாவுக்குள் போயிருப்பார்கள் என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. போனது போலவே பத்து நிமிடத்தில் திரும்பியும் வரலாம் அல்லவா.

கழுத்தில் காயம் ஆறி, ஒரு மெல்லிய கோடு மட்டும் நின்றது. ஆனால் கதவு அடைபட்டது. எங்கள் பழைய பெல் குருவிச் சத்தம் போடும் வகை. அது ஒரு முறை கீச்சிட்டால் போதும், அவள் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நடு அறைக்குப் போய், ஜன்னல் இல்லாத சுவரோடு சேர்ந்து நின்றுகொள்வாள். வந்தவர் போகும்வரை அசையமாட்டாள். கேஸ் சிலிண்டர் திரும்பிப் போனது. கூரியர் திரும்பிப் போனது. என் அக்காவே மத்தூரிலிருந்து மாம்பழக் கூடையோடு பஸ் ஏறி வந்து, வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, எதிர்வீட்டில் கூடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வருத்தம் இன்னும் எங்களுக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. யாராவது தெலுங்கில் பேசினால் அவள் புரியாதவள் போல நின்றாள். காய்கறிக் கடையில், பஸ்ஸில், எங்கேயும். தாய்மொழிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு மொழியை அவள் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டாள்.

என் பயத்துக்கு வேறு காரணம் இருந்தது. நான் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வாகனத்துக்குள் போகும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அளந்து, சரியில்லாததை ஒதுக்குவது வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாயிலில் செக்யூரிட்டி அறையை ஒட்டி ஒரு சுவர் நிறையச் சின்ன லாக்கர்கள். காலையில் போனை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால், மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் எடுத்துப் பார்க்கலாம். அவசரம் என்றால் வீட்டிலிருந்து செக்யூரிட்டிக்கு அழைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நடந்து வந்து நம்மைக் கூட்டிப் போவார். எனக்கு அப்படி ஒரே ஒரு முறை ஆள் வந்தது, அப்பா இறந்தபோது. செயின் போன பிறகு, காக்கிச் சட்டை யாராவது ஷெட்டுக்குள் நுழைந்தாலே மைக்ரோமீட்டரைப் பிடித்திருக்கும் கை நின்றுவிடும். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்ப்பேன். வேறு வரிசைக்குத் திரும்பினால், அங்கே இருப்பவனுக்கு என்ன கெட்ட செய்தியோ என்று நினைக்காமல், எனக்கு இல்லை என்று மட்டும் நினைத்து மூச்சு விடுவேன்.

கதவைத் திறக்காமலே வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், அதை நானும் பிறகு பார்க்க முடிய வேண்டும். இந்த எண்ணத்தில்தான் கேமரா வைத்த காலிங் பெல் தேடத் தொடங்கினேன். எந்தப் பொருளையும் படித்துப் பார்க்காமல் வாங்கும் வழக்கம் எனக்கில்லை. வாங்கியவர்கள் எழுதிய குறைகளை மட்டும் படித்தேன். புகழ்ச்சியில் விஷயம் இருக்காது. படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. ஒருவர் எழுதியிருந்தார், மணி அடித்து நெடுநேரம் கழித்துத்தான் போனுக்குத் தகவல் வருகிறது என்று. இன்னொருவர், பெல்லையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. பிடுங்கியவனின் முகம் நன்றாகப் பதிவாகியிருந்ததாம்; முகம் இருந்தது, பெல்தான் இல்லை.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மதுரைப் பக்கத்துத் தம்பிக்கு. மெயின்டனன்ஸில் வேலை. நான் தினமும் போனில் பெல்களைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"என்னண்ணே, மகளுக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க."

"நல்லது கெட்டது பாக்கணும்ல."

"ஜாதகம் ஒத்து வருதா?"

"ஒண்ணுக்குப் பார்வை சரியில்ல. இன்னொண்ணுக்கு மாசா மாசம் பணம் கட்டணும், இல்லன்னா பாத்தத மறந்துருமாம்."

"அப்ப அது மாப்பிள்ள இல்லண்ணே, மாமனாரு." சிரித்துவிட்டுக் கேட்டான். "வயர் இழுக்குறதா, பேட்டரியா?"

"பேட்டரி. பராமரிப்புன்னு நாள் முழுக்கக் கரண்ட நிறுத்துறப்ப வயர் பெல்லு செத்துரும்."

"கரண்டு போனா வைஃபையும் செத்துருமே."

"ரௌட்டர் இன்வெர்ட்டர்ல இருக்கு."

"அப்ப பெல்லையும் இன்வெர்ட்டர்லயே மாட்டலாம்ல?"

உண்மையான காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. வயர் வகைக்கு எலக்ட்ரீஷியன் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர், நான் இல்லாத நாளில், துளை போடும் மிஷினோடு என் வீட்டு வாசலில் நிற்பதை நினைக்க முடியவில்லை. பேட்டரி வகையை நானே இரண்டு திருகாணியில் மாட்டிவிடலாம்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க" என்றான் தம்பி. "பேட்டரி பெல்லு கொஞ்ச நேரம் படம் பிடிச்சிட்டுத் தூங்கிரும். ஒருதடவ முழிச்சுப் படுத்துச்சுன்னா அடுத்து எந்திரிக்க நேரமாகும். எங்க மச்சான் வீட்டுல வந்தவன் எல்லாம் பாதியிலதான் தெரிவான். எவனும் போறது தெரியாது."

"செட்டிங்ல மாத்திக்கலாம்."

"மாத்துனா பேட்டரியக் குடிச்சிரும். அப்புறம் வாரா வாரம் கழட்டி சார்ஜ் போடுங்க."

அதையும் யோசித்தேன். சார்ஜ் போடக் கழற்றினால் அவ்வளவு நேரமும் வாசல் குருடாக இருக்கும். அதனால் பேட்டரி நீடிக்கும் விதமாகவே வைத்தேன். குறைந்த நேரப் பதிவு, நடுவில் நீண்ட இடைவெளி. அளந்து எடுத்த முடிவு என்று அப்போது திருப்தியாக இருந்தது.

கதவின் ஓரமும் மிதியடியும் தெரியும்படி மாட்டிய ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டம்மா வந்துவிட்டார். கன்னடக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவில் எங்களுக்கு இருந்த ஒரே துணை.

"சார், நம்ம கேட்டு உங்க போன்ல வருதா?"

"கொஞ்சம் வருதுங்க."

"காலையில நைட்டியில நின்னு கோலம் போடறேன். அதும் வருதா?"

போனைக் காட்டினேன். அவர் வீட்டு கேட்டும் அதன் முன்னால் இருக்கும் மரத்தடியும் தெரிந்தன. அவர் எதிரிலேயே செட்டிங்கில் போய், அந்தப் பகுதி மட்டும் கறுப்புக் கட்டமாக மறையும்படி செய்தேன். அவருக்குத் திருப்தி.

"ஆயித்து. கள்ளன் வந்தா மட்டும் கறுப்ப எடுத்துட்டு நம்ம கேட்டையும் காட்டச் சொல்லுங்க."

"அவன் சொல்லிட்டா வருவான்?"

"அதுக்குத்தானே பெல்லு வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் போனிலும் ஏற்றினேன். நான் வெளியே நின்றேன், அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே நின்றாள். பொத்தானை அழுத்தினேன். பெல்லுக்குள் ஏதோ கரகரத்தது.

"பேசு."

"என்னா பேசறது?" அவள் குரல் தகர டப்பாவிலிருந்து வருவது போல என் முகத்துக்கு எதிரே வந்தது.

"யாருன்னு கேளு."

"நீங்கதான்னு தெரியுதே. எதுக்கோசரம் கேக்கணும்?"

"பழகணும்ல. கேளு."

"யாருங்க அது?"

"நான்தான்."

"அவரு வீட்டுல இல்லீங்க, அப்பறமா வாங்க" என்றாள். உள்ளே அவள் சிரிப்பது கதவு வழியாகவும் பெல் வழியாகவும் இரண்டு முறை கேட்டது. செயின் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஒரே ஒரு விதி வைத்தேன். யாராக இருந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றாவிட்டால் பேச்சே இல்லை. அவள் தலையாட்டினாள். கழுத்துக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே ஆட்டினாள்.

அடுத்த வாரங்களில் அவள் நடு அறைச் சுவரை விட்டு ஹாலுக்கு வந்தாள். போனைப் பார்த்து, "அங்கியே வெச்சிட்டுப் போங்க" என்று கூரியருக்குச் சொன்னாள். சிலிண்டரை கேட்டுக்கு உள்ளே உருட்டிவிட்டுப் போகச் சொன்னாள். கதவை மட்டும் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவள் பயம் இறங்க இறங்க என்னுடையது ஏறியது. மதியம் லாக்கரைத் திறந்தால் காலையிலிருந்து வாசலில் அசைந்ததெல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். பூனை. கேட்டில் நிழல் ஆட்டும் முருங்கைக் கிளை. துண்டுச்சீட்டு போட வந்தவன். நம்பர் தேடி நின்று, நம் வீட்டை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போகும் ஒருவன். முன்பெல்லாம் வாசலில் இத்தனை பேர் வந்து போவது எனக்குத் தெரியாது. தெரியாததால் நிம்மதியாக இரும்பை அளந்துகொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு மதியமும் சோற்றைப் பிசைந்துகொண்டே, நடந்து முடிந்துவிட்ட ஏதோ ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்ற பயத்தோடு திரையை விரலால் தள்ளுவேன். பதிவில் பார்ப்பது எதையும் தடுக்க முடியாது என்பது அந்தப் பெல்லின் பெட்டியில் எழுதப்படாத குறை.

ஐப்பசியில் தீபாவளி முடிந்து, ஓசூரில் பகலெல்லாம் பொடித்தூறல் நிற்காத வாரம் அது. செவ்வாய்க்கிழமை. மதியம் லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். கேன்டீனில் ஒரே இரைச்சல், சத்தம் எதுவும் கேட்காது. படத்தை மட்டும் பார்த்தேன்.

முதல் பதிவில் ஒரு ஆள். முகத்தை மூடிய ஹெல்மெட், கண்ணாடி இறக்கியிருந்தது. தோளில் கறுப்புப் பை. வண்டி எதுவும் தெரியவில்லை. எங்கிருந்தோ முளைத்தவன் போல நின்றான். பொத்தானை அழுத்தினான். தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு பெல்லுக்கு மிக அருகில் குனிந்தான். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி திரை முழுக்க நிறைந்தது. பதிவு அதோடு முடிந்தது.

அடுத்த பதிவை எழுப்பியது பூனை. வாசல் காலியாக இருந்தது. கதவு மூடியிருந்தது. மிதியடிமேல் ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வந்தவன் போனதற்குப் பதிவே இல்லை.

என் மனைவியை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும். எதிர்வீட்டம்மாவை அழைத்தபோதுதான் நினைவு வந்தது, அவர் ஆனேக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம். "என்ன சார், ஒண்ணும் கேக்கல" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டேன். அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும்.

தம்பி என் தட்டைப் பார்த்தான், பிறகு முகத்தை. போனை அவனிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் கேலி செய்யவில்லை. அன்று அவன் தாமதமாகி பஸ்ஸை விட்டுவிட்டுத் தன் பைக்கில் வந்திருந்தான். சாவியையும் ஹெல்மெட்டையும் எடுத்துக் கொடுத்தான்.

"நீங்க கெளம்புங்கண்ணே. கேட் பாஸ நான் பேசிக்கிறேன்."

நான் பைக் ஓட்டி வருடங்கள் ஆகியிருந்தன. ஹெல்மெட் எனக்குச் சிறியது. தலையில் அழுத்தி இறக்கியபோது காது மடங்கி வலித்தது. தாடைக்குக் கீழே இரண்டு வளையத்துக்குள் வாரை நுழைத்து இழுக்கும் வகை. தம்பியே இழுத்துக் கட்டிவிட்டான். சிப்காட்டை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்ததும் லாரிகள். பல சக்கர லாரிகள் தூறலில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. என் மூச்சில் கண்ணாடி பனி படர்ந்தது. மேம்பாலத்துக்குக் கீழே தக்காளிக் கூடை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஷூக்களை நான் விடவில்லை. நாள் முழுக்க இரும்புத் துண்டில் குறை தேடுகிறவன் கண் அப்படித்தான் வேலை செய்யும். இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. கயிறு இல்லாத வகை. முனையில் செம்மண். பெரிய கால். இத்தனையும் எண்ணி எண்ணி, அந்தப் பெரிய கால் என் வீட்டு ஹாலில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் ஷூ இல்லை. கதவு மூடியிருந்தது. மிதியடி நனைந்திருந்தது. போய்விட்டான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் தோன்றியது. பெல் இருப்பதே நினைவில்லை. இரண்டு கையாலும் கதவை அடித்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே இடித்தது. உள்ளே சத்தமில்லை. மறுபடி அடித்தேன்.

பெல்லின் விளிம்பில் வெளிச்சம் வந்தது. கரகரத்தது.

"யாரு?"

அவள் குரல். கையைக் கதவிலிருந்து எடுத்தேன்.

"யாருங்க? கதவ எதுக்கு இப்பிடி இடிக்கறீங்க?"

"நான்தான்" என்றேன்.

பிறகு அந்தக் குரல் முன்னைவிடச் சன்னமாக வந்தது.

"நான்தான்னா யாருங்க? அவரு கம்பெனியில இருந்து வரீங்களா?"

"இல்லம்மா, நான்…"

"அவருக்கு என்னா ஆச்சு? அத மொதல்ல சொல்லுங்க. அப்பறம் கதவத் தொறக்கறேன்."

அப்போதுதான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். கம்பெனிச் சட்டை, கம்பெனி ஷூ, தலை தெரியாமல் ஒரு ஹெல்மெட். கேமராவில் தெரியாத இடத்தில் பைக். அவள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் யார் நிற்கிறான் என்று தெரிந்தது. எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல, யாரோ ஒருவன் வந்திருக்கிறான்.

வாரை இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முகத்தைப் பெல்லுக்கு நேரே கொண்டுபோனேன்.

"இங்க பாரு. நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல. பாரும்மா."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். மேல்தாழ், கீழ்தாழ். கதவு திறந்தது. அவள் என்னைத் தொட்டுப் பார்த்தாள், முதலில் தோளை, பிறகு கையை. அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவள் என் தாடைக்குக் கீழே கையை விட்டு, வளையத்தில் சிக்கிய வாரைத் தளர்த்தப் பார்த்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் அது எளிதில் அவிழவில்லை.

"யாரு வந்தான்?" என்று கேட்டேன்.

"எப்ப?"

"காலையில. ஹெல்மெட் போட்டுக்கிட்டு."

"வாட்டர் பில்டர்காரரு." குழப்பமாகப் பார்த்தாள். "தண்ணி கசக்குதுன்னு சொன்னேனே. போன் பண்ணி வரச் சொன்னேன். போன வருஷம் வந்த அதே ஆளு. ஹெல்மெட்டக் கழட்டுன்னு சொன்னேன், கழட்டினாரு. மொகத்தப் பாத்தேன், தொறந்தேன்."

"நீயா தொறந்த?"

"நாந்தான் தொறந்தேன். எத்தினி நாளைக்குப் பூட்டிக்கினு கசப்புத் தண்ணியக் குடிக்கறது?"

அவர் போன பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். கதவு அதிர்கிற சத்தம் கேட்டு ஓடிவந்து போனை எடுத்தால், நான் அழைத்த அழைப்புகள் வரிசையாக நின்றிருக்கின்றன. திரையில் கம்பெனிச் சட்டைக்காரன் கதவை இடிக்கிறான்.

"திருடன்னு நெனச்சியா?" என்றேன்.

"திருடனா இருந்தா பரவால்லன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். பதிவில் பார்த்ததை அவளுக்குச் சொன்னேன். முளைத்தவன் போல வந்ததை, தெருவை இரண்டு பக்கமும் பார்த்ததை, மிதியடிமேல் இருந்த ஷூவை. அவள் முழுதும் கேட்டுவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"திருட வரவன் ஷூவக் கழட்டி வெச்சிட்டா உள்ள வருவான்? அளவு பாக்கற வேல செய்யறீங்க. இது தெரியலியா?"

தெரியவில்லை. தேய்ந்த குதிகால் தெரிந்தது, செம்மண் தெரிந்தது. கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, மிதியடியின் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது தெரியவில்லை.

கம்பெனிக்குத் திரும்பிப் போய், தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருவரும் அந்த முதல் பதிவைச் சத்தத்தோடு பார்த்தோம். அந்த ஆள் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, எதிர்வீட்டு மரத்தடியில் நிறுத்திய தன் வண்டி நனைகிறதா என்று பார்க்கத்தானாம், அவளிடம் சொன்னாராம். வண்டி நான் போட்ட கறுப்புக் கட்டத்துக்குள் நின்றிருந்தது. அவர் பெல்லுக்குக் குனிந்தது, அவள் பேசியது கேட்காததால். அவள் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்கிறாள். அவர் தெலுங்கில் என்ன என்று கேட்கிறார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு அவள் குரல், தெலுங்கில், அதையே திரும்பச் சொல்கிறது. திரை நிறைந்த கண்ணாடிக்குள்ளிருந்து அவர் சரி என்கிறார். பதிவு முடிகிறது.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒன்றும் நடக்காதது போல இருந்தாள்.

அடுத்து என்னுடைய பதிவு வந்தது. ஒரு ஆள் கதவை இரண்டு கையாலும் அடிக்கிறான். பெல் முகத்துக்கு எதிரே இருக்கிறது, அழுத்தவில்லை. வாய் தெரியவில்லை. தோள் குலுங்குகிறது. அந்த வாசலில் வந்து நின்றவர்களிலேயே பார்க்கப் பயங்கரமானவன் அவன்தான். பாதியிலேயே அவள் போனைத் திருப்பி வைத்தாள்.

"அத அழிச்சிடுங்க."

அழித்தேன்.

"இனிமேப் பாதி வேலையில ஓடி வராதீங்க. வந்தீங்கன்னா தல தெரியறமாதிரி வாங்க."

சரி என்றேன். அந்த வாரமே பதிவு நேரத்தைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்தேன். இப்போது போகிறவர்களும் தெரிகிறார்கள். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது. சார்ஜ் போடக் கழற்றும்போது வாசல் குருடாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் அவள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, வந்தவர் எந்தப் பாஷைக்காரரோ அந்தப் பாஷையில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்கிறாள்.

நான் மாறவில்லை. மதியம் லாக்கரைத் திறக்கும்போது இப்போதும் விரல் ஈரமாகிறது. பதிவுகளை முதலிலிருந்து பார்க்கிறேன். முகங்களைப் பார்ப்பதற்கு முன் மிதியடியைப் பார்க்கிறேன். செருப்போ ஷூவோ கழற்றி வைத்திருந்தால் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். மிதியடி காலியாக, கதவு மூடி இருந்தால் இன்னும் கொஞ்சம்.

மாலையில் பஸ் திருப்பத்தில் இறக்கிவிடுகிறது. சாவி சட்டைப்பையில் இருக்கும். எடுப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, முகம் சரியாகத் தெரியும் தூரத்தில் தள்ளி நிற்கிறேன். பெல்லின் விளிம்பில் வெளிச்சம் வரும். அவள் யார் என்று கேட்பதில்லை. கதவு திறக்க எப்போதும் கொஞ்சம் நேரமாகிறது. அந்த நேரம் முழுக்க அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அசையாமல் நிற்கிறேன்.